பரஸ்தானம் போன பாஸ்போர்ட்

என் மூத்த பையன் ஹாக்கி ஆடுவான். நான் ஹாக்கி பார்ப்பேன். இரண்டில் எது கஷ்டம் என்று அவனைக் கேட்டால், அப்பா பார்க்கும்போது ஆடுவதுதான் கஷ்டம் என்பான். அவன் சொல்வது பொய் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். திருச்சி தில்லை நகர்ப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பி சுற்றி அதற்குப் புதுக் காயில் கட்டிக் கொடுப்பேன். மோட்டாரைப் பற்றி என்னிடம் எது கேட்டாலும் சொல்வேன். ஹாக்கியைப் பற்றியும் எது கேட்டாலும் சொல்வேன். முதலாவது தெரிந்து சொல்வது. இரண்டாவது சும்மா சொல்வது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவன் நன்றாகவே ஆடினான். மாநில அளவில் நடந்த பயிற்சி முகாமுக்கு ஒரு முறை அவனைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து கடைக்கு மோட்டார் கொண்டுவருபவர்களிடம் எல்லாம், “இந்தியா டீமுக்கு இன்னும் ரெண்டு படிதான் பாக்கி” என்று சொல்லி வந்தேன். அந்த இரண்டு படியை ஐந்து வருஷமாகச் சொன்னேன். ஒரு வாடிக்கையாளர், “என்னண்ணே, படி ரெண்டும் லிஃப்ட் மாதிரி மேல போய்க்கிட்டே இருக்கா?” என்று கேட்டுவிட்டார். அவருடைய மோட்டாரை மட்டும் இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தேன். தப்புதான்.

அவன் ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, “அடிடா! அங்கேருந்தே அடி!” என்று கத்துவேன். ஹாக்கியில் கோலுக்கு முன்னால் ஒரு அரைவட்டம் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்துக்குள் வந்து அடித்தால்தான் கோல். மைதானத்தின் நடுவிலிருந்து அடித்தால் பந்து நேராக வலைக்குள் போனாலும் செல்லாது. இது எனக்கு நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நாலு வருஷமும் நான் நடு மைதானத்திலிருந்து கோல் அடிக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். எதிர் அணிப் பையன்களுக்கு என்னைப் பார்த்தாலே சந்தோஷம்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கூட்டரில் அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கே.கே. நகர் வீடு வந்து சேரும் வரை நான் பேசுவேன். எங்கே விட்டான், எப்படிப் பிடித்திருக்கலாம், யாருக்குத் தள்ளியிருக்கலாம், எல்லாம் சொல்வேன். அவன், “ம்” என்பான். மொத்தப் பயணத்துக்கும் அந்த ஒரு எழுத்துதான்.

இருபத்தோரு வயது ஆனபோது, உள்ளூர் அணியில் அவன் மைதானத்தில் நின்ற நேரத்தைவிட ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். அவன் இடத்தில் அவனைவிட நன்றாக ஆடுகிற மூன்று பேர் இருந்தார்கள். கடைசி ஐந்து நிமிஷம் இறக்கிவிடுவார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் பந்து இவன் பக்கம் வராது. வந்தாலும் காலில் பட்டுவிடும். ஹாக்கியில் அது தப்பு, விசில் ஊதிவிடுவார்கள். பயிற்சியாளர் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பையன்கிட்ட வேகம் இருக்கு. ஆனா ஆடினாத்தானே ஆட்டம் வரும்? இங்கே இருந்தா பெஞ்சுதான் தேயும். எங்கேயாவது வாராவாரம் முழு ஆட்டம் ஆடுற இடத்துக்கு அனுப்புங்க.”

இவனுக்கு முன்னால் இதே அணியில் ஆடிய ஒருவர் மலேசியாவில் ஒரு சிறிய ஊரின் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். அவர் மூலம் வழி பிறந்தது. பகலில் ஒரு கிடங்கில் வேலை, மாலையில் பயிற்சி, வாரக் கடைசியில் ஆட்டம். பெரிய கிளப் இல்லை. அவர்கள் இருந்த பட்டியலில் அந்த அணி கீழிருந்து இரண்டாவது. ஆனால் முன்னால் ஆடுவதற்கு அவர்களுக்கு ஆள் இல்லை.

“ஒரே ஒரு மேட்ச் முழுசா ஆடணும்பா. எங்கே இருந்தா என்ன?” என்றான்.

அணியில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அவன் போட்டிருந்த பனியன் நம்பரை அன்றைக்கு மாலையே வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக, இங்கே இடம் போய்விட்டது. அங்கே கிடைக்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கிளப்பில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். டிக்கெட் கிடைத்தது சனிக்கிழமை மதியம் ஒரு மணி விமானத்துக்கு. அதை விட்டால் திங்கட்கிழமைதான்.

டிக்கெட்டைப் பார்த்தேன். காலண்டரைப் பார்த்தேன். எனக்கு வியர்த்துவிட்டது.

சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது. மலேசியா கிழக்கே. அதோடு, வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் ஒன்பதரை. சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம். ஒரு நாளில் எத்தனை தப்பு செய்ய முடியுமோ அத்தனையையும் அந்த விமானம் செய்திருந்தது.

இதற்கெல்லாம் நம் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்பார்கள். கிளம்புகிற நேரம் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து, பயணத்துக்குக் கொண்டுபோகிற சாமான் ஒன்றை எடுத்துப் போய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. போகிற வழியில் அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போகலாம்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். அவனுடைய ஹாக்கி மட்டை இரண்டும் போட்டு வைக்கும் நீளப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் என் மச்சான் குடியிருக்கிறார். என் மனைவியின் அண்ணன். என்னைக் கிண்டல் செய்வதை ஒரு கடமையாக எடுத்துக்கொண்டவர்.

“வாங்க மாப்ள. என்ன, இந்த வயசுல நீங்க ஆடப் போறீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“ஏன் மாப்ள, புள்ள போறது கிழக்க. ஏர்போர்ட்டும் உங்க வீட்டுக்குக் கிழக்க. நீங்க பையைத் தூக்கிட்டு வடக்க வந்திருக்கீங்க. பை சொன்னபடி கேட்டா அவன் சைனாவுலதான் போய் இறங்குவான்.”

“பெருமாள் இருக்குற ஊர்ல வச்சா எந்தத் திசையும் சரிதான் மச்சான்” என்றேன். சொல்லும்போது எனக்கே நன்றாக இருந்தது.

மச்சான் மனைவி அந்தப் பையை வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் ஒரு மணை போட்டு, அதன்மேல் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

இதில் நான் யாருக்கும் சொல்லாமல் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. புதன்கிழமை மாலை உட்கார்ந்து யோசித்தேன். மட்டை மட்டும் நல்ல நேரத்தில் கிளம்பினால் போதுமா? மட்டையா வெளிநாடு போகிறது? போவதற்கு எது முக்கியமோ அதுதானே நல்ல நேரத்தில் கிளம்ப வேண்டும்? பீரோவைத் திறந்து, விசா ஒட்டின பாஸ்போர்ட்டை எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மட்டைப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக நான் யோசித்ததே இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

சனிக்கிழமை காலை வழியனுப்ப ஒரு வேன் பிடித்திருந்தேன். வேனில் பதினான்கு பேர். என் தம்பி குடும்பம், என் மனைவியின் தங்கை குடும்பம், பக்கத்து வீடு, எதிர் வீடு. ஒரு மாலை. இரண்டு தூக்கில் புளியோதரை. என் மனைவி வேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“என்னங்க, புள்ளையை அனுப்புறீங்களா, மாப்பிள்ளை அழைப்பு நடத்துறீங்களா?”

நான் கூப்பிட்ட ஆட்களுக்கே இடம் போதாமல், நான் என் ஸ்கூட்டரில் வேனுக்குப் பின்னால் போக வேண்டியதாயிற்று. கிளம்பும் முன் பையன் கேட்டான்: “அப்பா, பாஸ்போர்ட் பீரோவுல இல்லையே?”

“எல்லாம் பத்திரமா இருக்கு. நீ கவலைப்படாத” என்றேன். அவனும் நம்பினான். அப்பா சொன்னால் நம்பும் நல்ல பிள்ளை. அதுதான் அவனுக்கு இருந்த குறை.

விமான நிலையத்துக்குப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மச்சான் மட்டைப் பையோடு நேராக அங்கே வந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். வருகிற ஆட்டோவை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். பத்தேகால். போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். நாலாவது முறை எடுத்தார். பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

“மச்சான், எங்கே இருக்கீங்க?”

“லால்குடியில மாப்ள. வளைகாப்பு ஒண்ணு. ஏன், கிளம்பிட்டீங்களா?”

“பை எங்கே?”

“வச்ச இடத்துலதான். நீங்க வந்து எடுத்துட்டுப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நீங்க கொண்டு வருவீங்கன்னுல்ல நான் நின்னுக்கிட்டு இருக்கேன்!”

“நல்லா இருக்கு மாப்ள. பரஸ்தானம் வச்சதைப் போறவன்தானே தன் கையால எடுக்கணும்? அடுத்தவன் தூக்கிட்டு வந்தா அதுக்குப் பேரு கூரியரு. முறை தெரியாமயா வச்சீங்க?”

முறை தெரியாமல்தான் வைத்தேன். பாதி தெரிந்திருந்தது. என்னிடம் எல்லா விஷயத்திலும் பாதிதான் இருக்கும்.

“சாவி செருப்பு ஸ்டாண்டுல, பழைய ஷூவுக்குள்ள இருக்கு. மட்டைதானே, போனாப் போகுது, அங்கே வாங்கிக்கட்டுமே” என்றார் மச்சான்.

அப்போதுதான் பாஸ்போர்ட் விஷயத்தைச் சொன்னேன். நாதஸ்வரம் மட்டும் கேட்டது. கிண்டல் செய்ய முடியாத அளவுக்கு ஒரு காரியத்தை நான் செய்துவிட்டேன் என்று அதிலிருந்து புரிந்தது.

திரும்பினேன். பையன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். கோபப்படுவான் என்று பார்த்தேன். என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, “வண்டிச் சாவியைக் கொடுங்க. பன்னெண்டு மணிக்குக் கவுண்டர் மூடுவாங்க. பின்னால உக்காருங்க” என்றான்.

விமான நிலையம் ஊருக்குத் தென்கோடி. ஸ்ரீரங்கம் வடகோடி. நடுவில் திருச்சி முழுக்க இருக்கிறது. முதல் முறையாக அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். பாலக்கரை வரை இருவரும் பேசவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவிரிப் பாலத்தில் முன்னால் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு நின்றன. வண்டி ஊர்ந்தது. அவன் திரும்பாமலே கேட்டான்.

“அப்பா, டீம்ல ரெண்டு பேரு சொன்னாங்க. இங்கே ஆட முடியாம ஓடிப் போறான்னு. நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்களா?”

பொய் சொல்ல நல்ல இடம்தான். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவனுடைய பாஸ்போர்ட்டை மணை போட்டு உட்கார வைத்தவன் நான் என்று அவனுக்குத் தெரியவந்திருக்கிறது. இனி என்ன மரியாதை பாக்கி?

“கொஞ்சம் நெனச்சேன்பா. அதான் கடையில எல்லார்கிட்டயும் வெளிநாட்டுலேருந்து வந்து கூப்புட்டாங்கன்னு பெருசா சொல்லிவச்சேன்.”

“இப்போ?”

“இப்போ வலது பக்கமா போ. பஸ் நகருது.”

அவன் முதுகு குலுங்கியது. சிரித்தானா என்று கேட்கவில்லை.

பழைய ஷூவுக்குள் சாவி இருந்தது. பை மணைமேல் இருந்தது. புதிதாக ஒரு பூவும் வைத்திருந்தார்கள். ஜிப்பைத் திறந்து பார்த்தான். பாஸ்போர்ட் இருந்தது. நான் வாய் தவறி, “வந்தது வந்தோம், ஒரு நிமிஷம் சாமி...” என்று ஆரம்பித்தேன்.

“அப்பா!”

பேசாமல் கதவைப் பூட்டினேன்.

திரும்பி வரும்போது அந்த நீளப் பையை நான் பின்னால் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். பார்ப்பவர்களுக்குக் கொடிமரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்திருக்கும். பதினொன்றே காலுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினோம். பதினொன்று இருபத்தைந்துக்குத் தலைமைத் தபால் நிலையம் சிக்னலில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையை நீட்டினார்.

“பின்னால உக்காந்திருக்குற பெரியவரே, ஹெல்மெட் எங்கே?”

பேசிப் புரிய வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். நான் பேச ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று பையனுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். கீழே இறங்கினேன். பையை அவன் தோளில் குறுக்காக மாட்டிவிட்டேன்.

“தப்பு என்னோடதுதான் சார். நான் இருக்கேன். அவனை விட்டுடுங்க. நீ போப்பா.”

அவன் ஒரு நொடி தயங்கினான். சிக்னல் பச்சை ஆனது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டான். ஒரு விபூதி இல்லை, ஒரு வார்த்தை இல்லை. ஒரு மாசமாக வழியனுப்பத் திட்டம் போட்டவன் நடுரோட்டில் நின்றுகொண்டு ஸ்கூட்டர் போவதைப் பார்த்தேன்.

“எங்கே இவ்வளவு அவசரமா போறான்?” என்றார் போலீஸ்காரர்.

“மலேசியாவுக்குங்க.”

அவர் ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஸ்கூட்டர்லயா?”

நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதுக்கு அபராதம் போட எங்ககிட்ட சட்டம் இல்ல. ஹெல்மெட்டுக்கு மட்டும் போடுறேன்” என்று எழுதிக் கொடுத்தார்.

பஸ் பிடித்து நான் விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பதினான்கு பேரும் வேன் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். புளியோதரைத் தூக்கு இரண்டும் காலி. என் மனைவி ஸ்கூட்டர் சாவியை நீட்டினாள்.

“போயிட்டானா?”

“பதினொண்ணு அம்பதுக்கு வந்தான். வண்டியை நிறுத்தினான், சாவியைக் கொடுத்தான், பெட்டியை இழுத்துக்கிட்டு ஓடினான். உள்ளே போயிட்டேன்னு போன் பண்ணிட்டான். மாலையைப் போடலாம்னு உங்க தம்பி பின்னாலேயே ஓடிப் பார்த்தாரு. பிடிக்க முடியல. இந்த வேகத்தை இங்கே ஆடும்போது காமிச்சிருந்தா...” என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் மாலையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. முதல் வாரம் பாதி ஆட்டம் இறக்கினார்கள். இரண்டாவது வாரம் தொடையில் பிடிப்பு. உட்கார்ந்திருந்தான். மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை போன் வந்தது. என் மனைவி மிக்ஸியை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். போனைச் சத்தமாக வைத்தேன்.

“அப்பா, முழு மேட்ச்சும் ஆடினேன். அறுபது நிமிஷமும்.”

“ஜெயிச்சீங்களா?”

“நாலுக்குப் பூஜ்யம். தோத்துட்டோம்.”

தோற்றதை இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வழக்கம்போல அறிவுரை சொல்ல வாயைத் திறந்தேன். அவன் எங்கே பந்தை விட்டான், யாருக்குத் தள்ளினான், எதுவும் எனக்குத் தெரியாது. அவன் ஆடியதில் நான் பார்க்காத ஆட்டங்கள் இவைதான்.

அவனே சொன்னான். மழை தூறியதாம், தரை வழுக்கியதாம். எதிர் அணியில் ஒரு தடித்த ஆள் இவனை மூன்று முறை கீழே தள்ளினானாம். ஒரு முறை வட்டத்துக்குள் போய் அடித்தானாம், கோல்கீப்பர் காலில் பட்டு வெளியே போய்விட்டதாம். கடைசிப் பத்து நிமிஷம் மூச்சு வாங்கியதாம், ஆனாலும் வெளியே கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயிற்சியாளர் பக்கம் திரும்பியே பார்க்கவில்லையாம். இருபது நிமிஷம் அவன் மூச்சு விடாமல் பேசினான். இத்தனை வருஷத்தில் அவன் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பேச நான் எங்கே இடம் விட்டேன்?

நடுநடுவே நான், “ம்” என்றேன்.

அவன் நிறுத்தியபோது, “நாலாவது கோல் எப்படி வாங்குனீங்க?” என்று கேட்டேன்.

அதையும் சொன்னான்.